“இனந்தெரியாதோர்”: ஈழத்துத் தமிழ்ச் செய்திமொழியின் சமூக அடித்தளம் பற்றிச் சில சிந்தனைகள்

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றை எழுதிய நம் முன்னோடிகள் பத்திரிகையின் பங்கை மறந்தவர்கள் அல்லர். ஈழகேசரியும் மறுமலர்ச்சியும் சிறுகதைக்கு ஆற்றிய பணி, பேராசிரியர் க. கைலாசபதி தினகரனின் ஆசிரியராயிருந்த காலத்தில் முற்போக்கு எழுத்தாளருக்குத் திறந்துவிடப்பட்ட களம் ஆகியன யாவும் விரிவாகவே பேசப்பட்டுள்ளன. ஆயினும் அவ்வாய்வுகளிற் பத்திரிகை என்பது இலக்கியத்தைச் சுமந்துவந்த ஊர்தியாகவே கருதப்பட்டது. ஞாயிறு வாரமலரின் கதைப்பக்கம் ஆராயப்பட்டது. அதே இதழின் முதற்பக்கச் செய்தி ஒருபோதும் ஒரு பனுவலாக ஆராயப்படவில்லை. செய்தி என்பது எழுதப்படுவது, அதற்கு ஒரு நடை உண்டு, அந்நடை குறிப்பிட்ட உற்பத்தி உறவுகளுக்குள்ளிருந்தே பிறக்கின்றது என்னும் எளிய உண்மையை நம் மார்க்சியத் திறனாய்வு கைக்கொள்ளாமல் விட்டமைக்குக் காரணங்கள் உள. அவற்றுள் ஒன்று நமக்கு உவப்பானதன்று. அதனைப் பின்னர் நோக்குவோம்.

இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொண்ட இடம் உடையார்கட்டு. பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவைக் கடந்து புதுக்குடியிருப்பை நோக்கிச் செல்பவர் இவ்வூரைக் காண்பார். குளமும் வயலும் கச்சான் தோட்டமும் கொண்ட குடியேற்றப் பாங்கான கிராமம். பெயரிலே உடையார் இருக்கின்றார். காலனித்துவ நிருவாகத்திற் கிராமத்தின் செய்தியை மேலே கொண்டுசெல்லும் உரிமை அப்பதவிக்கே இருந்தது. ஊரவன் தன் ஊரைப் பற்றித் தானே மேலிடத்துக்குச் சொல்லும் வழக்கம் நம் நாட்டில் அண்மைக்காலத்தது என்பதற்காகவே இதனை இங்கு நினைவூட்டுகின்றோம்.

2009 ஜனவரி 21ஆந் திகதி அரசாங்கம் அறிவித்த முதலாவது ‘பாதுகாப்பு வலயம்’ உடையார்கட்டு, சுதந்திரபுரம் முதலிய இடங்களை உள்ளடக்கியதாக அமைந்தது. மேற்கேயிருந்து பெயர்ந்துவந்த சனம் அவ்வலயத்துள் நெருங்கியது. அடுத்த சில நாட்களிலேயே வலயத்துள் எறிகணைகள் வீழ்ந்தன. உடையார்கட்டு, வள்ளிபுனம் வைத்தியசாலைகளும் அவற்றுக்குத் தப்பவில்லை. இவற்றை 2011இல் வெளியான ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை பதிவு செய்துள்ளது. அரசாங்கத்தின் மொழியிலோ அது பொதுமக்கள் இழப்பு ‘பூச்சியம்’ என்ற கொள்கையோடு நடத்தப்பட்ட மனிதாபிமான நடவடிக்கை ஆகும்.

அந்நாட்களில் உடையார்கட்டை எழுதியவர் யார்? 2008 செப்ரெம்பரில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியாளரும் பிற தொண்டு நிறுவனத்தாரும் அரசாங்கத்தின் பணிப்பின்பேரிற் கிளிநொச்சியை விட்டு வெளியேறிவிட்டனர். சுயாதீனச் செய்தியாளர் எவரும் போர்முனைக்குச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. படையினர் வழிநடத்தி அழைத்துச் சென்ற இடங்களை மட்டுமே கொழும்புச் செய்தியாளர் கண்டனர். ஆகவே உள்ளேயிருந்து எழுதியவர் இரு வகையினர். முதல் வகையினர் செய்மதித் தொலைபேசி வழியாக வெளியுலகுக்குக் கணக்குச் சொன்ன அரச வைத்தியர்கள். மற்றையோர் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிற் செயற்பட்ட ஊடகங்களின் பணியாளர்: ஈழநாதம் நாளேட்டினர், புலிகளின் குரல் வானொலியினர், ஒளிவீச்சுத் தயாரிப்பாளர், புலம்பெயர் தமிழ் ஊடகங்களுக்குச் செய்தி வழங்கியோர். புலம்பெயர் வானொலி, தொலைக்காட்சி என்பவற்றுக்கு வன்னியிலிருந்து குரல் கொடுத்துவந்த புண்ணியமூர்த்தி சத்தியமூர்த்தி 2009 பெப்ரவரி 12ஆந் திகதி எறிகணைக்கு இரையானார்.

இங்கே திறனாய்வாளன் எதிர்கொள்ளும் இடர்ப்பாடு சிறிதன்று. ஈழநாதம் சுதந்திரமான பத்திரிகையன்று. 1990இல் யாழ்ப்பாணத்தில் தோன்றி, 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வுக்குப் பின் வன்னியில் வேரூன்றிய அப்பத்திரிகை, ஓர் ஆயுத இயக்கத்தின் குரலாகவே இருந்தது. கட்டாய ஆட்சேர்ப்பை, சிறுவர் சேர்க்கப்பட்டதை, வெளியேற முயன்ற மக்கள் தடுக்கப்பட்டதையும் சுடப்பட்டதையும் மேற்குறித்த நிபுணர் குழு அறிக்கை விரிவாகக் கூறுகின்றது. அவற்றை ஈழநாதத்தின் பக்கங்களில் எதிர்பார்ப்பது பேதைமை. எறிகணை எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லிற்று. சனம் ஏன் அவ்விடத்தில் நின்றது என்பதை அது சொல்லவில்லை. அவ்வாறாயின் அதன் சாட்சியம் செல்லுபடியாகுமா? செல்லுபடியாகும் என்பதே நம் கருத்து. ஆனால் அக்கருத்தை அடைவதற்கு ஒரு சுற்றுவழி தேவைப்படுகின்றது.

வன்னிக்கு வெளியே வெளிவந்த தமிழ்ச் செய்தியின் மொழியை முதலில் நோக்குவோம். ஏறத்தாழ மூன்று தசாப்தகாலப் பத்திரிகைகளைப் புரட்டுபவர் ஒரு சொற்றொடரிலிருந்து தப்ப முடியாது. ‘இனந்தெரியாத ஆயுதபாணிகள்’, ‘இனந்தெரியாத நபர்கள்’, ‘இனந்தெரியாதோர்’. சில காலங்களில் அது நாள்தோறும் இடம்பெற்றது. பொலிசாரின் ஆங்கில அறிக்கையிலிருந்து மொழிபெயர்ப்பாக வந்த சொல் இது என்பது வெளிப்படை. எனினும் மொழிபெயர்ப்பில் அது வேறோர் உயிரைப் பெற்றது. ஆங்கிலச் சொல் அடையாளங்காணும் முயற்சி ஒன்று நடந்து, அது இன்னும் பலிக்கவில்லை என்று பொருள்தரும். தமிழ்ச் சொல்லோ ‘இனம்’ தெரியாது என்கின்றது. இனத்தின் பெயரால் நடந்த போரிலே, கொன்றவனின் இனம் மட்டும் தெரியவில்லை என்று தமிழ்ப் பத்திரிகை நாள்தோறும் எழுதவேண்டியிருந்தது. வாசகனோ அச்சொல்லைக் கண்டதும் அது யாரென ஊகித்துக்கொண்டான். ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் அவ்வூகம் மாறிற்று. எழுதுபவனும் வாசிப்பவனும் அறிந்த ஒன்றை இருவரும் அறியாதது போல் அச்சிடும் இவ்வொப்பந்தம், நம் காலத்துச் செய்தி நடையின் அடிப்படை இலக்கணம் எனலாம்.

இவ்விலக்கணம் பிறந்த விதத்தை அறியச் சில நாட்களை நினைவுகூர்ந்தால் போதும். 2000 ஒக்ரோபர் 19ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2004 மே 31ஆந் திகதி மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன். 2005 ஏப்பிரல் 28ஆந் திகதி கொழும்பிற் கடத்தப்பட்ட தர்மரத்தினம் சிவராம் மறுநாள் பாராளுமன்றத்துக்கு அண்மையிற் சடலமாகக் கிடந்தார். 2006 மே 2ஆந் திகதி யாழ்ப்பாணத்தில் உதயன் அலுவலகத்தினுள் புகுந்தோர் ஊழியர் இருவரைச் சுட்டுக்கொன்றனர். மறுநாள் உலக பத்திரிகைச் சுதந்திர தினம். அவ்வாண்டு யுனெஸ்கோ அத்தினத்தைக் கொண்டாடத் தெரிந்தெடுத்த நகரம் கொழும்பு. 2009 ஜனவரி 8ஆந் திகதி சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொழும்பின் புறநகரிற் பட்டப்பகலிற் கொல்லப்பட்டார். இவர்களுட் சிங்களவரும் தமிழரும் உளர். ஆங்கிலத்தில் எழுதியோரும் தமிழில் எழுதியோரும் உளர். கொலையாளிகள் யாவரும் ‘இனந்தெரியாதோர்’.

ஒன்றைக் கூறாது விடுதல் நேர்மையன்று. அச்சொற்றொடர் அரசுக்கும் அதன் துணைக்குழுக்களுக்கும் மட்டும் திரையாக அமையவில்லை. 2004 ஓகஸ்ற்றில் கொழும்பில் சுடப்பட்ட பாலநடராஜ ஐயர், மறு ஆண்டு அதே மாதத்திற் கணவரோடு கொல்லப்பட்ட ஒலிபரப்பாளர் ரேலங்கி செல்வராஜா ஆகியோரின் சாவுச் செய்திகளிலும் அதே சொல்லே நின்றது. அங்கே மக்கள் சுட்டிய விரல் புலிகளை நோக்கியது. அதற்கு முன்னரே, 1989 செப்ரெம்பர் 21ஆந் திகதி ராஜினி திராணகம கொல்லப்பட்டார். 1991இற் புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்ட கவிஞர் செல்வி திரும்பவில்லை. ஒருசாரார் எழுதும்போது ஒரு கொலைக்கு மட்டும் பெயர் சொல்வதும், மறுசாரார் எழுதும்போது மற்றைய கொலைக்கு மட்டும் பெயர் சொல்வதும் நம்மிடையே இன்றுவரை நிலவும் பழக்கம். நாம் இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் இரு சாராரும் சினப்பர். சினக்கட்டும்.

1987 ஒக்ரோபர் 10ஆந் திகதி இந்திய அமைதிப் படையினர் யாழ்ப்பாணத்தில் முரசொலி, ஈழமுரசு ஆகிய பத்திரிகைகளின் அச்சுக்கூடங்களை வெடிவைத்துத் தகர்த்தனர். 1981 யூன் முதலாந் திகதியை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. நூலகத்தின் எரிவு நம் கவிதையிற் பெரும் படிமமாயிற்று. அச்சுக்கூடத்தின் எரிவு அவ்வாறு ஆகவில்லை. ஏனெனில் நூலகம் பண்பாடு, அச்சுக்கூடம் தொழிலகம். மையும் ஈயமும் கூலியும் உள்ள இடத்தை நம் மத்தியதர வர்க்கப் பிரக்ஞை எளிதிற் பாடுவதில்லை.

சாவை எழுதும் சொற்களும் கவனத்துக்குரியன. கொழும்புத் தமிழ் நாளேடு ‘பலி’ என்று எழுதிற்று. ‘ஷெல் வீழ்ந்து ஐவர் பலி’ என்ற வகையான தலைப்பில் எறிகணை தானே வீழ்கின்றது. அதனை ஏவியவன் வாக்கியத்தில் இல்லை. ‘பலி’ என்ற சொல் கொலையைச் சடங்காக்குகின்றது. பலி கொடுத்தவன் யார் எனச் சடங்கிலே யாரும் கேட்பதில்லை. வன்னிப் பத்திரிகையில் எழுவாய் தெளிவாக நின்றது: படையினரின் எறிகணை, விமானப் படையின் குண்டு. ஆனால் இறந்தவனை அது வேறு வகையிற் கைப்பற்றிக்கொண்டது. ‘வீரச்சாவு’, ‘நாட்டுப்பற்றாளர்’, ‘மாமனிதர்’ என்ற படிநிலைகள் வகுக்கப்பட்டன. சிவராமுக்கு ‘மாமனிதர்’ பட்டம் வழங்கப்பட்டது. இறந்த செய்தியாளனை இயக்கம் தன்னவன் என உரிமை கொண்டாடிய ஒவ்வொரு முறையும், உயிரோடிருந்த செய்தியாளன்மீது அரசு கொண்ட ஐயத்துக்கு ஒரு சான்று கூடிற்று என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ‘பலி’யும் ‘மாமனிதரு’ம் எதிரெதிர்ச் சொற்கள்போற் தோன்றினும் ஒரு செயலில் ஒன்றுபடுகின்றன. இரண்டுமே கொல்லப்பட்டவன் ஒரு தொழிலாளி என்பதை, செய்தி எழுதுவதைத் தொழிலாகக் கொண்டு அத்தொழிலிலே மாண்டவன் என்பதை, அழித்துவிடுகின்றன.

2007 நவம்பர் 27ஆந் திகதி கிளிநொச்சியில் புலிகளின் குரல் வானொலி நிலையம் விமானத் தாக்குதலுக்குள்ளாகியபோது இவ்வினா சர்வதேச அரங்கிலும் எழுந்தது. இசைவிழி செம்பியன், சுரேஷ் லிம்பியோ, தர்மலிங்கம் என்னும் மூன்று பணியாளர் இறந்தனர். யுனெஸ்கோவின் பணிப்பாளர் நாயகம் அதனைக் கண்டித்தார். பரப்புரை வானொலியில் வேலை செய்தோர் ஊடகவியலாளர் ஆவரோ என்று கேட்டோர் பலர். 1999 ஏப்பிரலில் நேட்டோ படைகள் பெல்கிரேட்டில் சேர்பிய அரச தொலைக்காட்சி நிலையத்தைத் தாக்கிப் பதினாறு ஊழியரைக் கொன்றபோதும் இதே வினா எழுந்தது. பரப்புரை செய்தது என்பது மட்டுமே ஒரு நிலையத்தை இராணுவ இலக்காக்கிவிடுமோ என்ற ஐயம் அப்போது சட்ட வல்லுநராலேயே எழுப்பப்பட்டது. பொய் சொல்பவனைக் கொல்லலாம் என்று ஒப்புக்கொண்டால், உலகின் அரச வானொலி நிலையங்களுள் எத்தனை எஞ்சும் என்பது தெரியவில்லை.

இனி, நாம் முன்னர் தள்ளிவைத்த உவப்பற்ற காரணத்துக்கு வருவோம். இலங்கையிற் பத்திரிகைச் சுதந்திரம் ஒடுக்கப்பட்ட வரலாற்றை இடதுசாரிகள் எழுதும்போது பெரும்பாலும் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்திலிருந்து தொடங்குவர். அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு, குறிப்பிட்ட சில விடயங்களை அதிகாரியின் அனுமதியின்றி வெளியிடுவதைத் தடுத்தது. அச்சட்டத்தின் கீழேயே ஜெ. எஸ். திசைநாயகம், தாம் நடத்திய ஆங்கிலச் சஞ்சிகையில் எழுதியவற்றுக்காக 2009 ஓகஸ்ற் 31ஆந் திகதி இருபது ஆண்டுக் கடூழியச் சிறைத் தண்டனை பெற்றார். மறு ஆண்டு மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. இத்தொடக்கம் நமக்கு வசதியானது. ஆனால் வரலாறு அதற்கும் ஆறு ஆண்டுகளுக்கு முன்னே தொடங்குகின்றது. 1973இற் பத்திரிகைப் பேரவைச் சட்டம் நிறைவேறியதும், லேக்ஹவுஸ் நிறுவனத்தின் பங்குகள் சட்டத்தின் மூலம் கையேற்கப்பட்டதும் ஐக்கிய முன்னணி ஆட்சியிலாகும். அம்முன்னணியில் லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் பங்காளிகள். மறு ஆண்டு அவசரகால விதிகளின்கீழ் தவச நிறுவனத்தின் அச்சகம் முத்திரையிடப்பட்டது. அதனோடு அதன் தமிழ் ஏடுகளான தினபதியும் சிந்தாமணியும் நின்றுபோயின.

முதலாளித்துவ ஏகபோகத்தை உடைத்தல் என்ற பெயரில் அன்று அக்கையேற்பு நியாயப்படுத்தப்பட்டது. ஏகபோகம் இருந்தது உண்மை. லேக்ஹவுஸின் வர்க்கச் சார்பும் உண்மை. பங்குகளைப் பரவலாக்குவதாகச் சட்டம் கூறிற்று. நடந்தது வேறு. அடுத்தடுத்து வந்த ஒவ்வோர் அரசாங்கமும் அந்நிறுவனத்தைத் தன் ஊதுகுழலாகப் பயன்படுத்திற்று. 1977இல் ஆட்சிக்கு வந்தோர் அதனைத் திருப்பிக் கொடுக்க எவ்வகையிலும் அவசரப்படவில்லை. தொழிலாளரிடம் சென்றிருக்க வேண்டிய உடைமை அமைச்சரிடம் சென்றது. உடைமை மாறிற்று, உற்பத்தி உறவு மாறவில்லை என்று நாம் வேறு துறைகளைப் பற்றி எழுதிய வாக்கியத்தை இத்துறையைப் பற்றி எழுதத் தயங்கினோம். செய்திமொழியை ஆராயப் புகுந்திருந்தால் இவ்வாக்கியத்தை எழுத நேர்ந்திருக்கும். கதைப்பக்கத்தோடு நின்றுகொண்டமை பாதுகாப்பாயிருந்தது.

நம்மவர் மறந்த ஒரு மார்க்ஸ் இருக்கின்றார். மூலதனம் எழுதிய மார்க்ஸ் அல்லர். இருபத்துநான்கு வயதில் கொலோன் நகரில் ரைன் பத்திரிகையின் ஆசிரியராயிருந்த மார்க்ஸ். 1842இல் ரைன் மாகாண சபையிற் பத்திரிகைச் சுதந்திரம் பற்றி நடந்த விவாதத்தை அவர் விமரிசித்தார். அங்கே பத்திரிகைச் சுதந்திரத்தை வணிகச் சுதந்திரத்தின் ஒரு கிளையாகக் கோரியவர்களையும் அவர் மறுத்தார். எழுத்து ஒரு வணிகமாக மட்டும் இருக்கும்வரை அது சுதந்திரமாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். தணிக்கையாளனையும் முதலாளியையும் ஒரே கட்டுரையில் எதிர்த்த அந்நிலைப்பாடே 1973இல் நமக்குத் தேவைப்பட்டது.

அதைவிட நம் பொருளுக்கு நெருக்கமானது 1843 ஜனவரியில் அவர் எழுதிய மோசெல் பள்ளத்தாக்குக் கட்டுரைத் தொடர். திராட்சைக் குடியானவரின் வறுமையைப் பற்றி அப்பத்திரிகையின் நிருபர் ஒருவர் எழுதிய செய்திகளுக்கு மாகாண ஆளுநர் ஆதாரம் கேட்டார். நிருபரின் பெயரை வெளியிடாமலே மார்க்ஸ் பதில் எழுதினார். ஒரு நிருபர் முழு உண்மையையும் சொல்ல வேண்டுமென எதிர்பார்ப்பது தவறு. ஒருவர் கண்ணீரைக் கேட்பார், இன்னொருவர் கணக்கைப் பார்ப்பார், வேறொருவர் சட்டத்தை ஆராய்வார். பத்திரிகை உலகம் தடையின்றி இயங்கும்போது பலரின் பகுதியுண்மைகள் சேர்ந்தே முழுமை உருவாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். சில வாரங்களில் அப்பத்திரிகை பிரஷ்ய அரசால் மூடப்பட்டது.

வன்னிச் செய்தியின் சாட்சியம் செல்லுபடியாகும் என நாம் கூறியதன் அடிப்படை இதுவே. உடையார்கட்டில் எறிகணை வீழ்ந்ததைச் சொன்னவன் பகுதியுண்மையைச் சொன்னான். மீதிப் பகுதியைச் சொல்லக்கூடிய மற்றைய நிருபரை உள்ளே வரவிடாமற் தடுத்தது அரசு. உள்ளே இருந்தவனை மீதிப் பகுதியைச் சொல்லவிடாமற் தடுத்தது இயக்கம். ஆதலால் அவன் செய்தி குறைப்பட்டது; ஆனால் குறைப்பட்டது என்பதனால் அது பொய்யாகிவிடாது. தொலைபேசியிற் கணக்குச் சொன்ன வைத்தியர்களைப் போரின் முடிவிற் கைதுசெய்து, 2009 ஜூலையிற் கொழும்பில் செய்தியாளர் முன் நிறுத்தி, தாம் சொன்னவை மிகைப்படுத்தப்பட்டவை எனக் கூறவைத்தார்கள். தடுப்புக்காவலிலுள்ள ஒருவர் தரும் மறுப்பை அச்சிடும்போது ‘தடுப்புக்காவலிலுள்ள’ என்னும் அடைமொழியை முதல் வாக்கியத்திலேயே இடுவது ஊடக ஒழுக்கத்தின் குறைந்தபட்ச விதி. அக்காலப் பத்திரிகைகளைப் புரட்டுவோர் அவ்வடைமொழி எங்கெங்கே இருந்தது, எங்கெங்கே இல்லை என்பதைத் தாமே எண்ணிக்கொள்ளலாம். ஊடக ஒழுக்கம் பற்றிய பிரகடனங்கள் நம் நாட்டுக்குப் புதியன அல்ல. 1998இலேயே கொழும்புப் பிரகடனம் வெளியாயிற்று. பிரகடனங்களிற் குறையில்லை.

சாட்சியத்தின் குறைபாட்டை இலக்கியம் நிரப்ப முயன்றமைக்கும் ஓர் உதாரணம் உண்டு. வன்னியில் ஊடகப் பணியாற்றிய தமிழ்க்கவி, போர் முடிந்து சில ஆண்டுகளின்பின் ஊழிக்காலம் என்னும் நாவலை எழுதினார். அந்நாவலின் கலைநயம் பற்றி மாறுபட்ட கருத்துகள் இருக்கலாம். எனினும் முன்னர் ஒலிபரப்பிற் சொல்ல முடியாதிருந்தவற்றை, இடம்பெயர்ந்த சனம் இரு தரப்பிலும் பட்ட பாட்டை, அதே பணியாளர் பின்னர் நாவலாக எழுத நேர்ந்தது என்பது ஒரு சமூகவியற் செய்தி. செய்தி சொல்லாமல் விட்டதை நாவல் சொல்கின்றது என்றால் அது நாவலுக்குப் பெருமை. செய்திக்கு அது பெருமையன்று.

கடந்த ஆண்டு சிறுபோகக் காலத்தில் நாம் உடையார்கட்டுக்குச் சென்றிருந்தோம். அப்பகுதியிலிருந்து பத்திரிகைகளுக்கு எழுதும் பிரதேச நிருபர் ஒருவரைச் சந்தித்தோம். அவருக்குக் குளத்தின் கீழ் சிறிது வயலும், மேட்டுநிலத்தில் கச்சானும் உண்டு, அதுவே வருமானம். நிருபர் வேலைக்கு நியமனக் கடிதம் கிடையாது. ஊழியர் சேமலாப நிதி கிடையாது. பிரசுரமாகும் செய்திக்கு மட்டும் கொடுப்பனவு. பிரசுரமாகாத செய்திக்குச் செலவழிந்த பெற்றோல் அவருடையது. உடைந்த கமரா அவருடையது. வழக்கு வந்தால் நீதிமன்றத்துக்குச் செல்லும் நாட்கூலியும் அவருடையது. துண்டுக்கூலியைப் பற்றி மார்க்ஸ் மூலதனத்தின் முதற்பாகத்தில் எழுதிய அத்தியாயத்தை இந்நிருபரின் வாழ்க்கையை விளக்கும் உரையாகவே வாசிக்கலாம்: வேலையின் தரத்தைக் கண்காணிக்கும் பொறுப்பும், நட்டத்தைத் தாங்கும் பொறுப்பும் தொழிலாளியின் தலையிலேயே சுமத்தப்படுகின்றன. இந்தியாவில் 1955ஆம் ஆண்டிலேயே உழைக்கும் பத்திரிகையாளருக்கெனத் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அச்சட்டத்தாற் பயன்பெற்றோர் எத்தனை பேர் என்பது வேறு விடயம். அவ்வேலை ஒரு தொழில் என்பதையாவது அது ஒப்புக்கொண்டது.

பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய கருத்தரங்குகளில் ஆசிரியர்களும் உரிமையாளர்களும் பேசுகின்றனர். சுதந்திரத்தை இழப்பவனோ பெரும்பாலும் பிரதேச நிருபன். 2020 ஒக்ரோபரில் முல்லைத்தீவின் முறிப்புப் பகுதியிற் சட்டவிரோத மரக்கடத்தலைப் பற்றிச் செய்தி திரட்டச் சென்ற கணபதிப்பிள்ளை குமணன், சண்முகம் தவசீலன் ஆகிய இருவர் தாக்கப்பட்டனர். 2021 நவம்பரில் முள்ளிவாய்க்காற் பெயர்ப்பலகையைப் படம்பிடித்த விசுவலிங்கம் விஸ்வச்சந்திரன் படையினராற் தாக்கப்பட்டார். மார்க்ஸின் முதற் பொருளாதாரக் கட்டுரையும் விறகுத் திருட்டுச் சட்டத்தைப் பற்றியதே என்பதால் முறிப்புச் சம்பவத்தை அதனோடு ஒப்பிட ஆசை எழும். அவ்வொப்பீடு பொருந்தாது. ரைன்லாந்தில் விறகு பொறுக்கியவன் ஏழை, வழக்கிட்டவன் காட்டுடைமையாளன். முறிப்பிலே மரம் வெட்டுவிப்பவன் வணிகன். காட்டைக் காக்கும் பொறுப்பு அரசுக்குரியது. இரண்டிற்கும் இடையில் நின்று படம் எடுத்தவன் அடிவாங்குகின்றான்.

சுப்பிரமணியம் சுகிர்தராஜனின் நிகழ்வை இங்கு விதந்து கூறல் வேண்டும். 2006 ஜனவரி 2ஆந் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர் இறந்தனர். அவர்கள் கொண்டுசென்ற குண்டே வெடித்தது என்றது படைத்தரப்பு. சுகிர்தராஜன் எடுத்த படங்கள் அவர்கள் அண்மையிலிருந்து சுடப்பட்டதைக் காட்டின. சுடரொளி அவற்றை வெளியிட்டது. அதே மாதம் 24ஆந் திகதி காலை அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரும் ஒரு பிரதேச நிருபரே. ‘இனந்தெரியாத’ என்ற சொல்லுக்குள் அடங்க மறுத்த ஒரு படத்தின் விலை அது. அச்சொல்லை எழுதிய பத்திரிகையாளரைக் கோழைகள் என ஏசும் உரிமை, பல்கலைக்கழக அறையிலிருந்து கட்டுரை எழுதும் நமக்கு இல்லை.

ஆனாலும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அச்சம் தளர்ந்த இடங்களிலும் அச்சொல் தளரவில்லை. கேப்பாப்பிலவு மக்கள் 2017இல் தம் நிலத்துக்காகப் படைமுகாம் வாயிலில் அமர்ந்தபோதும், அதே ஆண்டு முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் வீதியோரத்தில் அமர்ந்தபோதும் முதல்நாள் அது தலைப்புச் செய்தி. நூறாம் நாளில் ஒரு பத்தி. பின்னர் நாட்கணக்கு மட்டும். அவ்வறிக்கைகளிற் தாய்மார் பேசுகின்றனர். நிலத்தை வைத்திருக்கும் அதிகாரி, பெயரைச் சொல்லவேண்டிய அமைச்சு ஆகியன ‘உரிய தரப்பினர்’ எனப்படுகின்றன. ‘உரிய தரப்பினர்’ என்பது ‘இனந்தெரியாதோ’ரின் சமாதானகால உருவம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் அவ்வுரிய தரப்பினருக்குப் பெயரும் பதவியும் கொடுக்கக்கூடிய கருவி. ஒரு விண்ணப்பத்துக்கு விடை வரும்வரை வாரக்கணக்கிற் காத்திருக்கவும், வராவிடின் மேன்முறையீடு செய்யவும் துண்டுக்கூலி நிருபருக்கு எந்தப் பத்திரிகை கொடுப்பனவு வழங்குகின்றது? 2024இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, தம் கைத்தொலைபேசியையே பத்திரிகையாக்கிக்கொண்ட கிராமத்து இளைஞருக்கும் அச்சத்தைக் கொண்டுசென்றுள்ளது.

உடையார்கட்டு நிருபர் நமக்கு ஒரு கொப்பியைக் காட்டினார். இடப்பக்கத்தில் அவர் எழுதி அனுப்பிய செய்தியின் கைப்பிரதி. வலப்பக்கத்திற் பத்திரிகையில் வந்த நறுக்கு ஒட்டப்பட்டிருந்தது. திறனாய்வு மாணவருக்கு இதனினும் சிறந்த பாடநூல் கிடையாது. ஓரிடத்தில், மணல் அகழ்வு பற்றி அவர் நான்கு பந்திகள் எழுதியிருந்தார். எந்த ஆற்றுப்படுக்கை, எந்நேரம், எத்தனை உழவு இயந்திரங்கள், யாருடையவை, அனுமதிப்பத்திரத்தின் திகதி எப்போது முடிந்தது, கேட்கச் சென்றபோது அலுவலகத்திற் கிடைத்த பதில் என யாவும் அதில் இருந்தன. எழுவாய் இல்லாத வாக்கியம் ஒன்றுகூட அதில் இல்லை. வலப்பக்கத்திலிருந்த நறுக்கு ஆறு வரி. ‘இனந்தெரியாத சிலர்’ மணல் அகழ்வதாகவும் ‘உரிய தரப்பினர்’ கவனஞ்செலுத்த வேண்டுமெனவும் ‘பொதுமக்கள்’ கோருவதாகவும் அதில் இருந்தது. நாம் இக்கட்டுரையில் ஆராய்ந்த மொழி உடையார்கட்டிற் பிறந்ததன்று. அது ஆசிரியர்பீடத்திற் பிறந்தது.

இவ்வாறு மாற்றப்பட்டதைப் பற்றி அவருக்கு வருத்தமில்லையா என்று கேட்டோம்.

“பேரைப் போட்டா பேப்பருக்கு வழக்கு வரும், சேர். எனக்கு ஆள் வரும்” என்றார். சற்றுப் பொறுத்து, “ஆனா எழுதேக்க நான் பேரோடதான் எழுதிறனான். கொப்பியில கிடக்கட்டும்” என்றார்.

அக்கொப்பிகள் பதினொன்று உள்ளன. 2009க்கு முற்பட்டவற்றை இடப்பெயர்வில் இழந்துவிட்டதாகச் சொன்னார். எஞ்சியவற்றை ஒளிப்படம் எடுத்துப் பேண நாம் அனுமதி கேட்டோம். தம் வாழ்நாளில் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு இணங்கினார். அவர் கேட்டுக்கொண்டபடி இக்கட்டுரையிலும் அவருடைய பெயரை நாம் குறிப்பிடவில்லை.